அஷர் சங்கத்தின் உதவித்தொகைப் போட்டி: உள்ளே இருந்து பார்த்தவை

பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் உதவித்தொகை தேடத் தொடங்குகிற வீடுகளில், எல்லோரும் பெரிய தொகைகளின் பின்னால்தான் ஓடுகிறோம். நாடு முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் குவிகிற இடத்துக்கு நம் பிள்ளையும் ஒரு கட்டுரையை அனுப்பும், பதிலே வராது. அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் குடியிருக்கும் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த உதவித்தொகை, சபை வாசலில் வெள்ளைக் கையுறை மாட்டி நிற்கிற அஷர்களின் சங்கம் நடத்திய பேச்சுப் போட்டியில் என் மகளுக்குக் கிடைத்தது. பிறகு அந்தச் சங்கத்தின் உதவித்தொகைக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பெற்றவளாக வெளியே இருந்தும் பார்த்தேன், மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தும் பார்த்தேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும், ஊரில் வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கியம் என்று நடத்துகிறவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் இந்த அஷர்கள் யார் என்று சொல்லவேண்டும். நான் வளர்ந்த பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபையில் யாராவது ஒரு பெரியவர் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பார், கூட்டம் கூடினால் நாற்காலி போட்டுக் கொடுப்பார். அமெரிக்கக் கறுப்பின பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகளில் இது தனி ஊழியம். மாதக் கூட்டம் உண்டு, சந்தா உண்டு, பயிற்சி வகுப்பு உண்டு, சீருடை உண்டு. இடது கையை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்து, கால்களைச் சேர்த்து நேராக நிற்பார்கள். ஜெபம் நடக்கும்போதும் வேதம் வாசிக்கும்போதும் யார் வந்தாலும் கதவருகிலேயே நிறுத்திவைத்து, முடிந்த பிறகுதான் உள்ளே அழைத்துப்போவார்கள். எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்பதை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விரலாலேயே சொல்லிக்கொள்வார்கள். ஆராதனையில் ஒருவர் உணர்ச்சிப் பெருக்கில் தள்ளாடினால் தாங்கிப் பிடித்து உட்காரவைத்து விசிறிவிடுவதும் அவர்களே. ஆகாமியக் கூடாரங்களில் குடியிருப்பதைவிட தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பது மேல் என்று 84ஆம் சங்கீதம் சொல்கிறதே, அதுதான் இவர்களுக்கு வேதவாக்கு. அது கோராகின் புத்திரரின் சங்கீதம். 1 நாளாகமம் 9ஆம் அதிகாரத்தில் அவர்கள்தான் கூடாரத்து வாசல் காத்தவர்கள். இந்தத் தொடர்பைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூட இங்கே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

சபை சபையாகத் தனித்தனியே இருந்த இந்தக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து தேசியச் சங்கமானது 1919இல், பிலடெல்பியாவில். தென் மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கத்தி நகரங்களுக்குக் குடிபெயர்ந்த காலம் அது. நகரத்துச் சபைகள் நிரம்பி வழிந்தன. வெளியே எந்தக் கதவும் திறக்காத மனிதரை வாசலில் நின்று மரியாதையோடு அழைத்து உட்காரவைக்க ஆள் வேண்டியிருந்தது. வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டில் வேலை செய்து, பெயர் சொல்லிக்கூட அழைக்கப்படாத ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை வெள்ளுடுப்பில் அந்த வாசலின் பொறுப்பாளராக நின்றாள். இந்தப் பின்னணி தெரியாமல் இவர்கள் நடத்தும் போட்டியைப் புரிந்துகொள்ள முடியாது.

ஏன் பேச்சுப் போட்டி? பால்டிமோரிலேயே அதற்கு ஒரு பழைய கதை உண்டு. பின்னாளில் அடிமை முறைக்கு எதிரான பெரும் பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமைச் சிறுவனாக இருந்தபோது, ஏறக்குறைய பன்னிரண்டு வயதில், 50 சென்ட் சேர்த்து மேடைப்பேச்சுகளின் தொகுப்பு ஒன்றை வாங்கி மறைவாகப் படித்தது இந்த ஊரில்தான். 1944 ஏப்ரலில் பதினைந்து வயது மார்ட்டின் லூதர் கிங் ஜார்ஜியாவின் டப்ளின் ஊருக்குப் போய், ஒரு சபையில் நடந்த பேச்சுப் போட்டியில் அரசியல் சாசனத்தையும் கறுப்பின மக்களையும் பற்றிப் பேசினார். நடத்தியது கறுப்பினத்தவரின் எல்க்ஸ் சங்கம். திரும்பும் வழியில் வெள்ளையருக்கு இடம் விடச்சொல்லிப் பேருந்து ஓட்டுநர் மிரட்ட, கிங்கும் கூட வந்த ஆசிரியையும் அட்லாண்டா வரை ஏறக்குறைய 90 மைல் நின்றுகொண்டே வந்தார்கள். வாழ்நாளில் அவ்வளவு கோபம் தனக்கு வந்ததில்லை என்று கிங் பின்னாளில் சொன்னார். எங்கள் சங்கத்தின் மூத்த பெண்மணி, எல்லோரும் ‘மதர்’ என்று அழைப்பவர், ஒவ்வோர் ஆண்டும் முதல் பயிற்சியன்று பிள்ளைகளுக்கு இதைச் சொல்வார். பரிசைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் பேசமாட்டார்.

போட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில சங்கங்களில் கட்டுரை மட்டும். சிலவற்றில் வேத வினாடி வினா. இன்னும் சில இடங்களில் நிதி திரட்டும் போட்டி: விளம்பரமும் நன்கொடையும் அதிகம் கொண்டுவருகிற பிள்ளைக்குக் கிரீடம் வைத்து, திரட்டியதில் ஒரு பங்கை உதவித்தொகையாகக் கொடுப்பார்கள். இந்தக் கடைசி வகை எனக்கு ஒப்புதல் இல்லை, குழுவிலும் அதைச் சொல்லியிருக்கிறேன். பெரிய குடும்பமும் கடைவைத்திருக்கும் மாமாவும் உள்ள பிள்ளை ஜெயித்துவிடும். பாட்டியோடு தனியாக இருக்கும் பிள்ளைக்கு உண்மையில் பணம் தேவை, அது தோற்றுவிடும். நிதியைப் பெரியவர்கள் திரட்டட்டும், பிள்ளைகள் பேசட்டும். எங்கள் சங்கத்தில் அப்படித்தான். அஷர் ஆண்டு விழா மலருக்கு விளம்பரம் பிடிப்பது, பொரித்த மீன் சாப்பாடு விற்பது, உறுப்பினர் சந்தா, இவற்றிலிருந்து பணம் வருகிறது. முதல் பரிசே இரண்டாயிரம் டாலரைத் தொடாது. மேரிலாந்தில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்ப் பிள்ளைக்கே கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிப் போகும்போது இது எந்த மூலைக்கு என்று கேட்கத் தோன்றும். பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

தகுதி விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வந்து ‘எங்கள் பிள்ளை நன்றாகப் பேசும், சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் நடக்காது. பிள்ளை ஒரு சபையில் இளையோர் அஷராக ஊழியம் செய்துகொண்டிருக்க வேண்டும், சங்கக் கூட்டங்களுக்கு வந்திருக்க வேண்டும், போதகரின் கடிதமும் சபையின் அஷர் குழுத் தலைவரின் கடிதமும் வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது. என் மகள் பக்கத்துச் சபையில் தோழிகளைப் பார்த்துச் சேர்ந்தவள். மாதத்தில் ஒரு ஞாயிறு இளையோர் முறை. மற்ற ஞாயிறுகளில் நாங்கள் எங்கள் தமிழ் ஆராதனைக்குப் போவோம். போதகரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி அனுமதி வாங்கினோம். அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். கடிதம் கேட்பதையும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். போதகர்கள் அடக்க ஆராதனை, மருத்துவமனை என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள். ஒரு மாதம் முன்பே, பிள்ளை எந்த ஆண்டிலிருந்து எந்த வாசலில் நிற்கிறது, எந்த எந்த வேலைகளில் உதவியது என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் கடிதம் உயிரோடு வரும். குழுவில் உட்கார்ந்து படிக்கும்போது எது கடமைக்கு எழுதியது, எது பிள்ளையைத் தெரிந்து எழுதியது என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

இனி பேச்சு. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வசனமும் அதை ஒட்டிய தலைப்பும் கொடுப்பார்கள். என் மகள் முதலில் எழுதிக்கொண்டுபோனது, நம் ஊர்ப் பேச்சுப் போட்டிகளில் கேட்டுப் பழகிய தோரணை. மனித குலம் தோன்றிய நாள்முதல் என்று ஆரம்பித்து, நடுவில் மூன்று மேற்கோள், முடிவில் எழுச்சி வாசகம். மதர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். தாளை மடித்து மகளிடமே கொடுத்துவிட்டு, “போன ஞாயிறு உன் கதவில் என்ன பார்த்தாய், பேபி?” என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு முதியவரைப் பற்றிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து அடிக்கடி ஓடாது. அவர் எப்போதும் வேதம் வாசிக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேர்வார். கதவருகில் நிறுத்தினால் சலித்துக்கொள்ளாமல் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். வாசிக்கிறவரோடு சேர்ந்து அவர் உதடும் அசையும், அத்தனை வசனமும் அவருக்கு மனப்பாடம். “அப்படியானால் கதவுக்கு வெளியே நிற்கிறவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறவரைவிடக் கவனமாக ஆராதிக்கிறார், அதை நீ மட்டும் பார்க்கிறாய். அதைச் சொல்” என்றார் மதர். பேச்சு அங்கே பிறந்தது.

குழுவுக்கு வந்த பிறகு இது எவ்வளவு முக்கியம் என்று இன்னும் நன்றாகப் புரிந்தது. ஒரே தலைப்பில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசும்போது, பொது வாசகங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்துபோகும். நடுவர்களுக்கு நினைவில் நிற்பது அந்தப் பிள்ளை மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று. காணிக்கைத் தட்டை ஏந்திப் போகும்போது ஒரு பாட்டி போட்ட மடித்த ஒரு டாலர் நோட்டு. முதல் முறையாகச் சபைக்கு வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்ற குடும்பம். இவற்றிலிருந்து வசனத்துக்குப் போனால் வசனம் கேட்கிறவர் மனதில் தைக்கிறது. வசனத்தை விளக்கிவிட்டு உதாரணம் தேடினால் உதாரணம் ஒட்டுப்போட்டதுபோல் நிற்கும். பெற்றோர் எழுதிக்கொடுத்த பேச்சும் உடனே தெரியும். பேசி முடித்த பிறகு நடுவர் ஒரு கேள்வி கேட்பார் என்பது எங்கள் விதி. எழுதிக்கொடுத்ததைப் பேசிய பிள்ளை அங்கே தடுமாறும். அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பு 1938 முதல் நடத்தும் அரசியல் சாசனப் பேச்சுப் போட்டியிலும் தயாரித்த பேச்சு 8 முதல் 10 நிமிடம், அதன்பின் அங்கேயே கொடுக்கும் தலைப்பில் 3 முதல் 5 நிமிடம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அஷர் சங்கப் போட்டியில் தேறிய பிள்ளைகள் அதற்கும் தாராளமாகப் போகலாம்.

குரல் பயிற்சிக்கு மதர் வைத்திருந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆலயத்தில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பிள்ளையை மேடையில் நிறுத்துவார். ஓர் அஷர் கடைசிக் கதவருகில் நிற்பார். கேட்காவிட்டால் கையை உயர்த்துவார். வேகம் கூடினால் உள்ளங்கையைக் கீழே இறக்குவார். வாயால் ஒரு வார்த்தை கிடையாது. அஷர் பிள்ளைகளுக்குக் கைச்சைகை பழகிய மொழி ஆதலால் பேச்சை நிறுத்தாமலே திருத்திக்கொள்வார்கள். வீட்டுக் கூடத்தில் கண்ணாடி முன் பேசிப் பழகியவர்களுக்கு இந்தக் காது வராது. நம் பிள்ளைகளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு, வரிக்கு வரி கையை ஆட்டி அபிநயம் பிடிப்பது. வானம் என்றால் கை மேலே போகும், இதயம் என்றால் நெஞ்சுக்கு வரும். இந்த மேடையில் அது எடுபடாது. வாசலில் அசையாமல் நிற்கக் கற்ற உடம்பு மேடையிலும் அப்படியே நிற்கும்போது, ஒரே ஒரு முறை கை எழுந்தாலும் சபை நிமிர்ந்து பார்க்கிறது.

கறுப்பினச் சபையில் கேட்கிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பதையும் பிள்ளை தெரிந்திருக்க வேண்டும். நல்ல வரி வந்தால் ‘ஆமென்’, ‘சொல்லு, சொல்லு’ என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு இடம் விட்டு நிறுத்திப் பேசவேண்டும், மேலே ஏறிப் பேசினால் இரண்டும் கேட்காது. அதனால் ஏழு நிமிடப் பேச்சை ஆறு நிமிடத்துக்கு எழுதச் சொல்கிறோம். நேரம் தாண்டினால் மதிப்பெண் குறையும், அதில் தயவு கிடையாது.

ஒரு போட்டியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பாதியில் மறந்து நின்றுவிட்டான். உதடு நடுங்கியது, கையுறை போட்ட விரல்கள் கால்சட்டைத் தையலைப் பிடித்துக்கொண்டன. நம் ஊர்ப் போட்டியாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள், மணி அடித்து இறக்கியிருப்பார்கள். இங்கே பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் தாழ்வாக, “டேக் யுவர் டைம், பேபி” என்றது. இன்னொரு குரல், இன்னொரு குரல். யாரோ மெல்லத் தட்டினார்கள். பையன் மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தான். அப்புறம் நடுவர்களுக்குள் வாக்குவாதம்: சபை பேசிய அந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? விதித்தாளில் அதற்கு வழி இல்லை. அந்த ஆண்டே விதியைத் திருத்தினோம், தேற்றுகிற நேரம் பேசுகிறவனின் கணக்கில் சேராது. இப்படி ஒரு விதியை எழுத வாய்த்த குழுவில் இருந்ததை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

ஜெயித்த பின் வருகிற பண விஷயத்தில் கவனம் தேவை. காசோலை பெரும்பாலும் பிள்ளையின் பெயரில் வராது. சேர்க்கை உறுதியானதற்கு அத்தாட்சி காட்டிய பிறகு கல்லூரிக்கு நேரே போகும். அந்தத் தொகை வந்ததைக் காரணம் காட்டி, தான் ஏற்கெனவே தருவதாகச் சொன்ன உதவியைக் குறைத்துக்கொள்கிற கல்லூரிகள் உண்டு. பிள்ளை மேடையில் பேசிச் சம்பாதித்தது கடைசியில் கல்லூரிக்குப் போய்ச்சேரும். மேரிலாந்து 2017இல், அரசுக் கல்லூரிகள் இப்படிக் குறைப்பதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் இதைச் செய்த முதல் மாநிலம் இதுதான். தனியார் கல்லூரிக்கும் வேறு மாநிலத்துக்கும் அது பொருந்தாது. அங்கே சேருகிற பிள்ளை நிதியுதவி அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்கவேண்டும்: வெளி உதவித்தொகை வந்தால் முதலில் கடனைக் குறைப்பீர்களா, மானியத்தைக் குறைப்பீர்களா? கடனைக் குறைப்போம் என்ற பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரியிலும் ஒன்று உண்டு. பட்டப்படிப்புக்குச் சேர்ந்த மாணவர் உதவித்தொகையைக் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் செலவிட்டால் வரி இல்லை. விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போனால் அந்தப் பகுதி வருமானமாகக் கணக்காகும். அதனால் காசோலையோடு அனுப்பும் கடிதத்தில் ‘கல்விக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும்’ என்று சங்கம் குறிப்பிட்டுவிட்டால் பிள்ளைக்கு வசதி. கல்லூரிச் செலவுக்கு அரசு உதவி கேட்டு நிரப்பும் கூட்டரசின் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவத்தை இதைச் சாக்கிட்டுத் தள்ளிப்போட வேண்டாம். தகுதியான குடும்பத்துக்கு அதன்வழி கிடைக்கும் பெல் மானியம், 2024–25இல் உச்சவரம்பு 7,395 டாலர், எந்தச் சபைப் பரிசையும்விடப் பெரியது.

அந்தச் சின்னத் தொகை எந்த மூலைக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். என் மகள் கல்லூரிக்குப் போன முதல் இலையுதிர்காலத்தில் சங்கத்திலிருந்து அவளுக்கு ஒரு பெட்டி போனது. சோப்பு, நூடுல்ஸ், ஒரு கம்பளிப் போர்வை, தேர்வு வாரத்துக்கு ஜெபக் குறிப்பு. தேர்வு முடிவு என்ன ஆயிற்று என்று மதர் தொலைபேசியில் கேட்டார். கணிதத்தில் தடுமாறுகிறாள் என்றதும், சங்கத்திலேயே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரத்தில் ஒரு மாலை அவளோடு உட்கார்ந்தார். பெரிய அறக்கட்டளை பணம் தரும், பெயர் தெரியாது. இவர்கள் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு நான்கு வருடமும் கூடவே வருகிறார்கள். கல்லூரியில் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுகிற ஆபத்து முதல் ஆண்டில் அதிகம். அந்த நேரத்தில் தன்னை எதிர்பார்க்கிற ஒரு கூட்டம் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய ஊன்றுகோல் என்று கண்ணால் பார்த்தேன். ஆகவே பிள்ளைகளும் நன்றிக் கடிதத்தைப் பரிசு வாங்கிய வாரத்திலேயே கையால் எழுதவேண்டும், விடுமுறைக்கு வரும்போது கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு வாசலில் நிற்கவேண்டும். மின்னஞ்சலில் அனுப்பும் இரண்டு வரியை அந்தப் பெரியவர்கள் அச்சடித்துச் சங்க அறையில் ஒட்டமாட்டார்கள். கையெழுத்துக் கடிதத்தை ஒட்டுகிறார்கள்.

நம் சேகரங்களிலும் இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். தாராளமாகத் தொடங்கலாம். வாசலில் நிற்கிற, காணிக்கை எடுக்கிற, திருவிருந்துக்கு மேசை துடைக்கிற பிள்ளைகளுக்கென்று வையுங்கள். ஏற்கெனவே பள்ளி மேடையில் கோப்பை வாங்குகிற பிள்ளைக்கு இன்னொரு கோப்பை தேவையில்லை. நடுவர்கள் மூன்று பேரும் வேறு சபைக்காரர்களாக இருக்கட்டும், இல்லாவிட்டால் யார் வீட்டுப் பிள்ளை என்ற பேச்சு எழும். மதிப்பெண் தாளைத் தலைப்போடு சேர்த்தே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்: கருத்துக்கு எவ்வளவு, சொல்லும் விதத்துக்கு எவ்வளவு, கேள்விக்கு எவ்வளவு என்று முன்பே தெரியவேண்டும். போட்டி முடிந்த பிறகு, ஜெயிக்காத ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் மதிப்பெண் தாளில் நடுவர் ஒருவர் நல்லது ஒன்று, திருத்தவேண்டியது ஒன்று எழுதிக் கொடுக்கட்டும்; எங்கள் சங்கத்தில் அடுத்த ஆண்டு திரும்பி வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் அந்தத் தாளைக் கையோடு கொண்டுவருகிறார்கள். பேசிய எல்லோருக்கும் புத்தகம் வாங்க ஒரு சிறு தொகை உறையில் போட்டுக் கொடுங்கள். முதல் ஆண்டு ஒரே ஒரு பரிசு போதும், ஆனால் அறிவித்த தொகை போட்டிக்கு முன்பே வங்கியில் இருக்கவேண்டும். கணக்கை ஆண்டு விழாவில் சபை முன் வாசித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு யாரும் கேட்காமலே காணிக்கை வரும்.